வாவிக்கரையில் ஒரு வாள்மீன்



இலங்கை வானொலியின் பிறப்பைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டுதான் கொழும்பில் முதல் ஒலிபரப்பியை உருவாக்கினார்கள். எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் முன்னின்று நடத்திய அந்தப் பரிசோதனைகளின் பயனாக, 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. கப்பல்களை மூழ்கடிக்கும் கட்டளைகளைக் கேட்டுக்கொண்டிருந்த கருவி, பிரித்துக் கோக்கப்பட்டதும் பாட்டும் பேச்சும் வழங்கத் தொடங்கிவிட்டது. நாம் இன்று வானொலியில் இலக்கியம் பேசுகிறோம் என்றால், அதன் தொடக்கத்தில் ஒரு போர்க்கருவியின் மிச்சம் கிடக்கிறது.

உடைந்த போர்க்கருவியைத் திருத்தி வேறொன்றாக்குவது பற்றியே இந்த வாரம் பேச விரும்புகிறேன். ஆனால் நான் சொல்லப்போவது மிகச் சிறிய கருவி. இரண்டு கைகளில் ஏந்தக்கூடிய ஒரு மாதிரிப் போர்விமானம். வானொலி அலையால் இயக்கப்படுவது. மட்டக்களப்பு வாவியில் விழுந்து, கண்டல் வேர்களுக்கிடையில் சிக்கி, தோணிக்காரர் ஒருவரால் மீட்கப்பட்டது.

அதற்குச் சொந்தக்காரர் எங்கள் அயலில் வசிக்கும் ஓர் இளைஞர். தொலைக்காட்சிப் பெட்டி, கைத்தொலைபேசி முதலியவற்றைத் திருத்துவது அவருக்குத் தொழில். விமானம் செய்வது பொழுதுபோக்கு. அவர் செய்தது பிரித்தானியக் கடற்படையின் 'சுவோட்ஃபிஷ்' என்ற இரட்டைச் சிறகு விமானத்தின் மாதிரி. தமிழில் சொன்னால் வாள்மீன். பாடும் மீன்களுக்குப் பேர்போன வாவியிலே ஒரு வாள்மீன் விழுந்தது என்று ஊரில் சிலர் பகிடியாகப் பேசிக்கொண்டார்கள்.

வலது பக்கச் சிறகுகள் இரண்டும் முறிந்திருந்தன. மூக்கு நசுங்கியிருந்தது. உடற்பகுதி நடுவிலே பிளந்து, உள்ளே உவர்நீரும் சேறும் புகுந்திருந்தன. நான் நினைத்தேன், உடனே பசையை எடுத்து ஒட்டத் தொடங்குவார் என்று. அவரோ முதல் நாள் எதையும் ஒட்டவில்லை. சிதறிய துண்டுகளைப் பழைய பத்திரிகைத் தாளில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"உடைஞ்சத ஒட்டலாம் சேர். ஏன் விழுந்ததெண்டு தெரியாம ஒட்டினா, அது திரும்பவும் விழும்" என்றார்.

வரலாறு எழுதுவோர் எல்லோரும் மேசையில் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய வாசகம் இது என்று எனக்குப் பட்டது. அந்த விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு வரலாறுகளைச் சற்றுப் பார்ப்போம். ஒன்று, ஆளில்லாமல் அலையால் பறக்கும் விமானத்தின் வரலாறு. மற்றது, இந்த வாள்மீன் மட்டக்களப்புக்கு ஏன் சொந்தமானது என்ற வரலாறு.

வானொலி அலையால் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்கலாம் என்பதை 1898இல் நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். அதை விமானத்துக்குப் பொருத்தும் முயற்சியைப் பிரித்தானியாவில் ஆச்சிபால்ட் லோ என்பவர் முதலாம் உலகப் போரின் நடுவே, 1917இல் செய்து பார்த்தார். அவருடைய விமானங்கள் எழுந்தன. எழுந்த வேகத்தில் விழுந்தன. ஆனாலும் அலை கட்டளையை எடுத்துச் செல்லும் என்பது தெரிந்துவிட்டது.

அடுத்த படி 1932இல் வந்தது. போர்க்கப்பல்களின் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் எவ்வளவு திறமையானவை என்று பார்க்க, உயிரிழப்பு இல்லாத ஓர் இலக்கு தேவைப்பட்டது. ஃபெயரி நிறுவனத்தின் 'மூன்று-எஃப்' வகை விமானங்கள் மூன்றை எடுத்து வானொலிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றினார்கள். 'ஃபெயரி குவீன்' என்று பெயரிட்டார்கள். முதலாவது, கப்பலிலிருந்து ஏவப்பட்டுச் சில செக்கன்களிலேயே கடலில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. விழுந்த காரணத்தை ஆராய்ந்து திருத்திய பிறகு மூன்றாவது நிலைத்துப் பறந்தது. 1933இன் தொடக்கத்தில் மத்தியதரைக் கடலில் அதன் மேல் கடற்படை இரண்டு மணி நேரம் சுட்டது. ஒரு குண்டும் அதை வீழ்த்தவில்லை. மூன்று விமானங்களில் வெற்றிபெற்றது மூன்றாவது என்றாலும், கற்றுக்கொடுத்தவை முதல் இரண்டுமே. அந்த இரண்டு மணி நேரம் இன்னொன்றையும் சொன்னது. வானிலிருந்து வரும் ஆபத்துக்கு முன் போர்க்கப்பல் எவ்வளவு பலவீனமானது என்பதே அது. அதை மட்டக்களப்புக் கடல் பின்னர் கண்டுகொண்டது.

அதன் வழியில் 1935இல் 'குவீன் பீ', அதாவது இராணித் தேனீ, வந்தது. மலிவுக்காகவும் நீரில் மிதப்பதற்காகவும் அதன் உடலை மரத்தால் செய்தார்கள். பழைய தொலைபேசிகளில் இருந்ததைப் போன்ற சுழலும் எண் தட்டை விரலால் சுழற்றித்தான் அதற்குக் கட்டளை அனுப்பினார்கள். மிதவை பூட்டியவை கடலில் வந்து இறங்கும். தூக்கியெடுத்துத் திருத்தி மறுபடி பறக்கவிடுவார்கள். இப்படி ஏறத்தாழ நானூறு தேனீக்கள் செய்யப்பட்டன. அமெரிக்கக் கடற்படையினர் இதைக் கண்டு தாமும் ஆளில்லா விமானம் செய்தபோது, இராணிக்குத் துணையாக 'ட்ரோன்' என்று பெயரிட்டார்கள் என்பர். அந்தச் சொல்லுக்குப் பொருள் ஆண் தேனீ. இன்று உலகின் போர்க்களங்களிலெல்லாம் கேட்கும் அந்தச் சொல்லின் பூர்வீகம் ஒரு தேன்கூடு.

போர்க்கருவியிலிருந்து விளையாட்டுப் பொருள் வந்ததா, விளையாட்டுப் பொருளிலிருந்து போர்க்கருவி வந்ததா என்று கேட்டால், இரண்டும் என்றே சொல்ல வேண்டும். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வோல்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர் இருவர் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை வானொலி அலையால் பறக்கவிட்டார்கள். பரிசுகளும் பெற்றார்கள். அந்த விமானம் பிற்பாடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதே காலத்தில் ரெஜினோல்ட் டெனி என்ற ஹொலிவூட் நடிகர் மாதிரி விமானங்கள் விற்கும் கடை ஒன்று நடத்தினார். அந்தக் கடையிலிருந்து வளர்ந்த 'ரேடியோபிளேன்' நிறுவனம், இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிப் பயிற்சிக்கான ஆளில்லா விமானங்களை ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தது. 1945இல் அந்தத் தொழிற்சாலையில் வேலைசெய்த நோர்மா ஜீன் என்ற இளம்பெண்ணை இராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படம் பிடித்தார். பின்னாளில் மர்லின் மன்றோ என்று உலகம் அழைத்தது அவரைத்தான். விளையாட்டுக் கடைக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் இடையில் உள்ள கதவு எப்பொழுதும் திறந்தே கிடந்திருக்கிறது.

இனி நம்முடைய கடலுக்கு வருவோம்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களுக்குப் பின், ஏப்ரல் 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை, திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரும் என்று அறிந்து, துறைமுகத்தில் நின்ற கப்பல்களை முதல் நாள் இரவே வெளியேற்றியிருந்தார்கள். அவற்றில் ஒன்று 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல். அவுஸ்திரேலியாவின் 'வம்பயர்' என்ற நாசகாரிக் கப்பலைத் துணையாகக் கொண்டு அது கரையோரமாகத் தெற்கு நோக்கி வந்தது.

ஹேர்மிஸ் சாதாரணக் கப்பலன்று. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. 1919இல் நீரில் இறக்கப்பட்டு 1924இல் சேவைக்கு வந்தது. ஆனால் அன்று காலை அதன் தளத்திலே ஒரு விமானமும் இல்லை. அதற்குரிய 814ஆம் அணியின் சுவோட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலைச் சீனன்குடாவில் கரையேற்றப்பட்டிருந்தன. விமானங்களைச் சுமப்பதற்கென்றே பிறந்த கப்பல், விமானமின்றிப் புறப்பட்டது. சுவோட்ஃபிஷ் இருந்திருந்தாலும் கப்பலைக் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. திறந்த இருக்கையில் மூவர் அமர்ந்து, துணி போர்த்த சிறகுகளுடன் மெல்லப் பறந்து, 'டோர்பிடோ' என்னும் நீரடிக் குண்டு எறியும் விமானம் அது. வானத்தில் எதிரியை மறிக்கும் வேலைக்கு அது செய்யப்படவில்லை. வேண்டியிருந்தது சண்டை விமானங்களின் காவல்.

காலையில் யப்பானிய வேவு விமானம் ஒன்று மட்டக்களப்புக்கு அப்பால் இந்தக் கப்பல்களைக் கண்டுவிட்டது. திரும்பித் திருகோணமலைக்கு வருமாறும், அங்குள்ள விமானங்கள் பாதுகாப்பளிக்கும் என்றும் ஹேர்மிஸுக்குக் கட்டளை போனது. கப்பல் திரும்பியது. ஆனால் அன்று காலைத் தாக்குதலில் திருகோணமலையின் தொடர்புகள் குலைந்து போயிருந்தன. அலை போனது, ஆனால் உரிய காதை உரிய நேரத்தில் சேரவில்லை. இரத்மலானையிலிருந்து விரைந்த ஃபுல்மர் சண்டை விமானங்கள் வந்து பார்த்தபோது ஹேர்மிஸ் கடலுக்கு மேலே இல்லை.

காலை பத்தரை மணியளவில் தொடங்கிய தாக்குதல் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. யப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செங்குத்தாகப் பாய்ந்து கப்பலின் மேல்தளத்தை உடைத்தன. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் மூழ்கியது. அருகில் சென்றுகொண்டிருந்த 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து தூக்கி எடுத்தது. அந்த மருத்துவக் கப்பலை யப்பானியர் தாக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஹேர்மிஸ் ஏன் விழுந்தது? குண்டுகளால் என்பது பாதி விடை. மறு பாதிக்கு இருபது ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 1921இல் செம்பில் என்ற பிரித்தானியரின் தலைமையில் ஒரு குழு யப்பானுக்குச் சென்றது. கடற்படை விமானிகளுக்குப் பறக்கவும் குண்டு வீசவும் கற்பித்தது. போகும்போது அன்றைய புதிய பிரித்தானிய விமானந்தாங்கிகளின் வரைபடங்களையும் கொண்டு சென்றது. ஹேர்மிஸின் வரைபடமும் அவற்றுள் அடக்கம். யப்பானின் முதல் விமானந்தாங்கியான 'ஹோஷோ' அந்த அறிவின் உதவியோடு, ஹேர்மிஸுக்கும் முந்தி, 1922இன் இறுதியில் சேவைக்கு வந்தது. அன்று பாடம் சொல்லிக்கொடுத்த கப்பலைப் பாடம் கற்றவர்களே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். விற்றவர் யார், கற்பித்தவர் யார், வாங்கியவர் யார் என்று பார்க்காமல் எந்தப் போரின் வரலாற்றையும் எழுத முடியாது.

அந்த இளைஞர் வாள்மீனைத் தேர்ந்ததன் காரணம் இப்பொழுது புரிந்திருக்கும். "அண்டைக்கு ஹேர்மிஸ்ல இருந்திருக்க வேண்டிய பிளேன் இது சேர்" என்று அவர் சொன்னார். வேறு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

திருத்த வேலையை அருகிலிருந்து பார்த்தேன். மின்னணுப் பகுதிகளை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தினார். உவர்நீரின் உப்பு உள்ளே தங்கினால் செம்பை அரித்துவிடும். நீரில் ஊறிய லித்தியம் பற்றரியை அவர் திரும்பப் பாவிக்கவில்லை, அது தீப்பற்றக்கூடியது. பிறகுதான் காரணம் அகப்பட்டது. அலைவாங்கிக்கு மின் கொடுக்கும் சிறு செருகியின் உள்ளே பச்சை பூத்திருந்தது. கடற்காற்றின் வேலை. விமானம் ஆடியபோது அந்த இணைப்பு ஒரு கணம் விட்டுப்போயிருக்கிறது. கரையிலிருந்து அனுப்பிய கட்டளை சரி. அதை வாங்க வேண்டிய செவி அந்தக் கணத்தில் செத்திருந்தது.

காரணம் தெரிந்த பின் சிறகில் கை வைத்தார். முறிந்த பல்சா மரச் சட்டத்தை நேராக ஒட்டுவதில்லை. இரண்டு முனைகளையும் நீளச் சாய்வாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி ஒட்ட வேண்டும். பசை பிடிக்கும் பரப்பு அப்பொழுதுதான் போதுமானதாக இருக்கும். பிறகு இரு பக்கமும் மெல்லிய பலகைத் தகடு வைத்து ஒட்டினார், முறிந்த எலும்புக்கு எங்கள் பரிகாரிமார் பத்தை வைத்துக் கட்டுவதைப் போல. இரண்டு அடுக்குச் சிறகுகளும் உடலோடு சேரும் கோணம் இருபுறமும் ஒன்றாக இல்லாவிட்டால் விமானம் ஒரு பக்கம் இழுக்கும். நூலும் அளவுகோலும் வைத்து மறுபடி மறுபடி அளந்தார்.

எனக்குப் பெரிதும் பிடித்த வேலை கடைசியில் வந்தது. ஒட்டிய ஒவ்வோர் இடத்திலும் பசையும் தகடும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டியிருந்தன. வாலருகே கூடிய சிறு பாரமும் விமானத்தின் சமநிலையைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட விமானம் சொல்வழி கேளாது. ஆகவே சிறகின் கீழ் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்து, மூக்கிலே ஈயத் துண்டு வைத்துச் சமன் செய்தார். வயிற்றின் கீழே தொங்கிய பொம்மைக் குண்டைத் திரும்பப் பூட்டவில்லை. பாரம் என்று சொன்னார். அது ஒன்றுதானா காரணம் என்று நான் கேட்கவில்லை.

அவருடைய அம்மம்மாவின் குரல் காரணமாக இருந்திருக்கலாம். திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு நாள் சொன்னார்: "இந்தச் சாமானக் கண்டாலே நெஞ்சு பதறுது மனே. உனக்கு விளையாட ஒரு குருவி கிடைக்கல்லியா?"

"இது குண்டு போடாது அம்மம்மா."

"எல்லாம் முதல்ல அப்பிடித்தானே சொல்லி வந்திரிக்கும்."

டெனியின் கடையையும் இராணித் தேனீயையும் பற்றி நான் படித்தவற்றையெல்லாம் அந்த மூதாட்டி ஒரு வரியில் சொல்லிவிட்டார். அவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு. 1942ஐ அவர் கதையாகக் கேட்டவர். பின்னர் வந்த எங்கள் சொந்தப் போரை உடம்பாலே அறிந்தவர். வானத்தில் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை அது. 'கிபிர்' என்ற சொல்லை உச்சரிக்கும்போது இன்றும் எங்கள் பக்கத்து முதியவர்கள் ஒருமுறை மேலே பார்ப்பார்கள். போர் முடிந்து பத்தாண்டு ஆகும்போது, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, மற்றோர் உயிர்த்த ஞாயிறில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. சிறுவர்கள் பலர் இறந்தார்கள். அந்த வாரமே நாடு முழுவதும் ஆளில்லா விமானங்கள் பறக்கத் தடை வந்தது. அரசாங்கம் மட்டுமன்று, பொதுமக்களும் வானத்தைச் சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் அவை. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு போர்விமானத்தின் மாதிரியைத் திருத்துவது வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

அப்படியானால் அதைத் திருத்தாமலே விட்டிருக்கலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. மறந்துவிட்டால் ஆபத்து அகன்றுவிடும் என்பது பிழையான கணக்கு. துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, எது எங்கே முறிந்தது, ஏன் முறிந்தது என்று பார்ப்பவனுக்கே போர்க்கருவியின் மெய்யான இயல்பு தெரியும். கடைக் கண்ணாடியில் பளபளப்பாகத் தொங்கும் விமானம் வீரத்தை மட்டும் சொல்லும். உடைந்து ஒட்டிய விமானம் விழுந்ததையும் சேர்த்துச் சொல்லும். அந்த இளைஞர் ஒட்டிய தடங்களை வர்ணம் பூசி மறைக்காமல் விட்டது எனக்குச் சரியாகவே பட்டது. ஆனால் அம்மம்மாவின் பதற்றத்தையும் அவர் கணக்கிலெடுக்கத் தவறவில்லை. வீடுகளுக்கு மேலே பறக்கவிடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார். உரிய அனுமதியோடு, ஆளரவமற்ற வெளியில்தான் இனி அது எழும்பும்.

வரலாற்றைத் திருத்தி எழுதுவோருக்கும் இதே நெறிதான். கூட்டிய பாரம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். ஒட்டிய இடத்தை ஒளிக்கக் கூடாது. அயலிலே நெஞ்சு பதறும் ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

ஹேர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக்கு அப்பால், கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மீன்கள் கூடிவாழும் இடமாகிவிட்டது. உலகெங்குமிருந்து சுழியோடிகள் வந்து பார்க்கிறார்கள். அது ஒரு கல்லறை என்பதையும் அவர்கள் அறிவார்கள். அந்தக் கப்பலைப் பற்றி ஆங்கிலத்திலே பல நூல்கள் உண்டு. தப்பிய மாலுமிகள் தம் நினைவுகளை எழுதிவிட்டார்கள். ஆனால் அதே காலை கல்லடியிலும் புளியந்தீவிலும் காத்தான்குடியிலும் இருந்த எங்கள் மக்கள் எதைக் கேட்டார்கள், எதைக் கண்டார்கள், கரையில் எது வந்து ஒதுங்கியது என்பது தமிழில் எழுத்துக்கு வந்தது சொற்பம். அன்று பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது.

உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதி வையுங்கள். திகதி பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. திகதியைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். அவர் போன பிறகு அவர் கேட்ட சத்தத்தை எவராலும் ஒட்டிச் சேர்க்க முடியாது.